கேஷுவாலிட்டியில் கலையும் தடயம்: இந்திய மருத்துவமனைகளில் சாட்சியத்தின் வரலாறு

கத்திக்குத்துப்பட்ட ஒருவர் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவரப்படுகிறார். சட்டையை வெட்டி அகற்ற வேண்டும். கத்திரிக்கோல் நுழைய எளிய வழி, துணியில் ஏற்கெனவே இருக்கும் கிழிசல்தான். அதன் வழியே வெட்டிவிட்டால், கத்தி எந்தப் பக்கமாக, எத்தனை அகலத்தில் நுழைந்தது என்று பின்னாளில் சொல்ல இருந்த ஒரே துணி தன் பேச்சை இழந்துவிடும். இரத்தத்தில் நனைந்த சட்டையை நெகிழிப் பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தால், சில நாட்களில் பூஞ்சை படரும். போக்குவரத்து விபத்தில் சிக்கிய ஓட்டுநரின் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு இரத்தம் எடுத்தால், அவர் குடித்திருந்தாரா என்னும் ஆய்வின் முடிவையே எதிர்த்தரப்பு கேள்விக்கு உள்ளாக்கலாம். இச்செயல்களில் எதிலும் தீய நோக்கம் இல்லை. உயிரைக் காக்கும் அவசரத்தில், பழகிய கைகள் பழகியவாறு செய்பவை அவை. ஆனால், உயிர் காக்கப்படும் அதே நிமிடங்களில்தான் தடயமும் அழிகிறது.

இந்நிலையைப் பயிற்சிக் குறைவு என்று விளக்கிவிடுவது வழக்கம். அவ்விளக்கம் தவறன்று, போதுமானதும் அன்று. இந்திய மருத்துவமனை எப்போது சாட்சியம் சேகரிக்கும் இடமாயிற்று, அச்சாட்சியம் யாருக்காகச் சேகரிக்கப்பட்டது, உயிருள்ள நோயாளி அதில் எந்த இடத்தைப் பெற்றார் என்னும் கேள்விகளைக் கேட்டால், இன்றைய அவசரச் சிகிச்சைப் பிரிவின் தடுமாற்றத்திற்குப் பின்னால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருப்பது தெரியும்.

அவ்வரலாறு பிணத்திலிருந்து தொடங்குகிறது. 1849இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகையவற்றுள் இதுவே முதலாவது. கல்கத்தாவில் 1853இலும், ஆக்ராவில் 1864இலும், பம்பாயில் 1870இலும் அடுத்தடுத்த ஆய்வுக்கூடங்கள் வந்தன. இவற்றின் முதன்மைக் கவலை நஞ்சு. ஆர்சனிக், ஊமத்தை, அபின் ஆகியவை எளிதில் கிடைத்த நாட்டில், மிகச் சிறிய அளவு ஆர்சனிக்கையும் கண்டறியும் மார்ஷ் சோதனை (1836) ஆட்சியாளர்களின் கையில் புதிய கருவியாயிற்று. மாவட்டத்தில் சிவில் சர்ஜன் இறந்தவரின் உள்ளுறுப்புகளை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் இட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தலைநகருக்கு அனுப்புவார். பரிசோதகரின் எழுத்துவழி அறிக்கை, அவர் நேரில் வந்து சாட்சி சொல்லாமலே நீதிமன்றத்தில் ஏற்கப்படலாயிற்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு இதற்கு இடமளித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 293ஆம் பிரிவில் அதே ஏற்பாடு தொடர்ந்தது.

இவ்வேற்பாட்டின் அடியில் ஓர் ஐயம் இருந்தது. நார்மன் செவர்ஸ் வங்காளத்திற்கும் வடமேற்கு மாகாணங்களுக்குமாக எழுதிய மருத்துவச் சட்டவியல் கையேடு 1856இல் வெளிவந்தது; 1870ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இந்தியா முழுமைக்குமான நூலாக விரிந்தது. சுதேசிகளின் வாய்மொழியை நம்ப முடியாது, உடலை நம்பலாம் என்பது அக்காலக் காலனிய மருத்துவ எழுத்தின் பொதுவான மனப்பான்மை. பாலியல் வன்முறை வழக்குகளில் இவ்வையம் எவ்வாறு பெண்ணின் உடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என்பதை எலிசபெத் கோல்ஸ்கி போன்ற வரலாற்றாய்வாளர்கள் விரிவாகக் காட்டியுள்ளனர். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155(4)ஆம் பிரிவு, வன்புணர்வு வழக்கில் புகார் கூறும் பெண் பொதுவாக ஒழுக்கக் கேடானவர் என்று காட்டி அவருடைய சொல்லின் நம்பகத்தன்மையைக் குலைக்க அனுமதித்தது. அப்பிரிவு நீக்கப்பட 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐ.பி. லயன் 1889இலும், ஜெய்சிங் பிரபுதாஸ் மோதி 1920இலும் வெளியிட்ட பாடநூல்கள் இத்துறையின் அறிவைத் தலைமுறைகளுக்குக் கடத்தின. நஞ்சு, காயம், மூச்சுத்திணறல் குறித்த பயனுள்ள அறிவோடு, பொய்ப்புகார் குறித்த பழைய அச்சமும் சேர்ந்தே வகுப்பறைக்குள் வந்தது.

இம்மரபின் நுட்பங்கள் பிணவறைக்குப் பொருத்தமானவை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளுறுப்புகளை நிறைவுற்ற உப்புக் கரைசலில் காத்தல், அமில நஞ்சாயின் உப்பைத் தவிர்த்துச் சாராயத்தில் காத்தல், குப்பிக்குச் சீட்டு ஒட்டுதல் ஆகியவை அனைத்தும், அவசரப்படாத உடலின் மீது அவசரப்படாத மருத்துவர் செய்யும் பணிகள். உயிருள்ள உடலோ மாறிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் மதுவின் அளவு மணிக்கு மணி குறைகிறது. பூச்சிமருந்து குடித்தவரின் இரைப்பையைக் கழுவும்போது முதலில் வெளிவரும் நீரே ஆய்வுக்கு மிக மதிப்புடையது. அது பெரும்பாலும் வாளியிலிருந்து நேரே சாக்கடைக்குப் போகிறது. சலைனும் பிறர் இரத்தமும் ஏற்றியபின் எடுக்கும் இரத்த மாதிரி நோயாளியின் நிலையைத் துல்லியமாகச் சொல்லாது. துப்பாக்கிக் குண்டைப் பல்லுள்ள உலோக இடுக்கியால் பற்றி எடுத்தால், அதன் பக்கங்களில் துப்பாக்கிக் குழல் பதித்த வரிகளின் மீது இடுக்கியின் கீறல்கள் விழும். பிணவறைக்கென வளர்ந்த அறிவியல், கேஷுவாலிட்டியின் இந்தக் கடிகாரத்தை நெடுங்காலம் கணக்கில் எடுக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் அவசரச் சிகிச்சைப் பிரிவு சட்டத்தைச் சந்தித்தது ஒரு முத்திரையின் வழியாக. வடமாநிலங்களில் எம்.எல்.சி. என்றும், தமிழ்நாட்டில் ஏ.ஆர். என்ட்ரி என்றும் வழங்கும் பதிவு அது. அப்பதிவு விழுந்தவுடன் நோயாளி வழக்காகிவிடுவார். காவல்துறையின் விசாரணை, சம்மன், ஆண்டுகள் கழித்து நீதிமன்றக் கூண்டில் குறுக்கு விசாரணை எனத் தொடரும் தொல்லைகளை எண்ணி, மருத்துவமனைகள் அத்தகைய நோயாளிகளையே தவிர்க்கத் தலைப்பட்டன. கார் மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர் ஓட்டி ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்தது. இத்தகைய வழக்குகளைக் கையாள அதிகாரம் பெற்ற, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட அவர் வழியிலேயே உயிரிழந்தார் என்ற செய்தித்தாள் அறிக்கைதான் பரமானந்த் கடாரா வழக்கின் தொடக்கம். 1989இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது, இக்கடமை அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் ஒன்றே என்று தீர்ப்பளித்தது. சாட்சியத்தின் மீதான அச்சம் சிகிச்சையையே மறுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதற்கு இவ்வழக்கே சான்று. தடயத்தைக் காப்பது எப்படி என்ற கேள்வி அக்காலத்தில் எழ இயலாததன் காரணமும் இதுவே. நோயாளியையே வாசலில் நிறுத்திய இடத்தில், அவருடைய சட்டையைப் பற்றி யார் எண்ணியிருக்க முடியும்?

அதே பத்தாண்டில் தீக்காய வார்டுகளில் மற்றொரு வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணத்திற்கான 304பி பிரிவும் சேர்க்கப்பட்டன. இளம் மனைவியர் தீயில் வெந்து கொண்டுவரப்பட்டபோது, கேஷுவாலிட்டிப் பதிவேட்டில் விழுந்த முதல் வரி பல வழக்குகளில் ‘ஸ்டவ் வெடித்தது’ என்பதாகவே இருந்தது. அவ்வரியை யார் சொன்னது? நோயாளியா, உடன்வந்த மாமியாரா, கணவரா? அவர்கள் கட்டிலருகே நின்றிருந்தபோது நோயாளி வேறொன்றைச் சொல்லியிருக்க முடியுமா? பதிவேடு பெரும்பாலும் இவற்றைச் சொல்லுவதில்லை. ஆனால் நடுவர் வந்து மரண வாக்குமூலம் பெற்று அதில் வேறு காரணம் வெளிப்படும்போது, எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான்.

நடுவருக்கும் காவலருக்கும் முன்னரே, பணியிலிருக்கும் இளம் மருத்துவர் தன்னையறியாமல் ஒரு வாக்குமூலத்தைப் பதிவு செய்துவிடுகிறார். வாக்குமூலம் தரும் மனநிலையில் நோயாளி இருந்தார் என்ற மருத்துவரின் சான்று இல்லாவிடினும், வேறு வகையில் அது உண்மையெனத் தெரிந்தால் மரண வாக்குமூலத்தை ஏற்கலாம் என்று 2002இல் லக்ஷ்மண் எதிர் மகாராஷ்டிர மாநில வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. எனினும், யார் சொன்னது, உடனிருந்தோர் யாவர், எத்தனை மணிக்கு என்ற மூன்று சிறு குறிப்புகளின் மதிப்பை எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்ய இயலாது. பொருள்வழித் தடயத்திலும் இதே நிலைதான். தலைமுடியிலும் எஞ்சிய துணியிலும் மண்ணெண்ணெயின் தடம் இருக்கும். காயத்தைக் கழுவுமுன் அவற்றில் சிறிதை எடுத்துக் காற்றுப் புகாத கலத்தில் மூடி வைக்க வேண்டும். இரத்தக் கறைக்குக் காற்றாடும் காகிதப் பை, மண்ணெண்ணெய்க்கோ இறுக மூடிய கலம். இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும்.

பாலியல் வன்முறை வழக்குகளில்தான் இந்த நெடிய மரபின் விலை மிகக் கடுமையாகக் கொடுக்கப்பட்டது. 1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திற்குள் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி மீது நிகழ்ந்த வன்முறையில், மருத்துவப் பரிசோதனை மறுநாள் இரவுதான் நடந்தது. உடலில் காயமில்லை என்ற மருத்துவக் குறிப்பை, எதிர்ப்பு இல்லை என்பதற்கான அடையாளமாக வாசித்து, 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. மறுத்துச் செயலற்றுப் பணிவதும் மனமுவந்து இசைவதும் ஒன்றல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டிருந்த வேறுபாடு அங்கே கைவிடப்பட்டது. 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் இயக்கமாயிற்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்கள் அதன் விளைவு. ஆயினும் அத்திருத்தங்கள் நீதிமன்றத்தையும் காவலறையையும் நோக்கியவை. மருத்துவரின் மேசையில் எதுவும் மாறவில்லை.

மாறாததன் சாட்சியாக 1992 செப்டம்பர் நிற்கிறது. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் சாத்தினாகப் பணிபுரிந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. இருந்த ஆண் மருத்துவர் பரிசோதிக்க மறுத்தார். ஜெய்ப்பூருக்கு அனுப்பப்பட்டபோது, நடுவரின் ஆணை வேண்டும் என்றார்கள். பரிசோதனை நடந்தபோது நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கும் மேல் கடந்திருந்தது. காவல் நிலையத்தில் அவர் உடுத்தியிருந்த பாவாடை தடயமாகக் கேட்டுப் பெறப்பட்டது, மாற்றுடை தரப்படவில்லை. கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் இரவில் நடந்து செல்ல நேர்ந்தது. 1995இல் அமர்வு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்புக்கு வித்திட்டது இந்நிகழ்வே என்பதால் இது சட்ட வரலாற்றில் நினைவுகூரப்படுகிறது. மருத்துவமனையின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. ஆடையைத் தடயமாகக் காண முடிந்த அமைப்புக்கு, அதை அணிந்திருந்தவர் எதை உடுத்தி வீடு திரும்புவார் என்று எண்ணத் தோன்றவில்லை.

காவல்துறை அனுப்பினால்தான் பரிசோதிப்போம் என்னும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்தது 2000இல், கர்நாடக மாநிலம் எதிர் மஞ்சண்ணா வழக்கில். வன்புணர்வுக்கு ஆளானவரின் பரிசோதனை மருத்துவச் சட்டவியல் அவசரநிலை என்றும், மருத்துவமனைகள் குறைந்த ஊரகப் பகுதிகளில் மறுப்பது நீதியையே மறுப்பதாகும் என்றும் அத்தீர்ப்பு உணர்த்தியது. இதனிடையே மாற்றத்திற்கான நடைமுறை முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. மும்பையின் சேஹத் அமைப்பு 1998இல், தடயச் சேகரிப்புக்கான பொருட்களையும் வழிகாட்டுக் குறிப்பையும் ஒரே பெட்டியில் அடக்கிய தொகுப்பை உருவாக்கியது. 2008 முதல் மும்பை மாநகராட்சி மருத்துவமனைகள் சிலவற்றில் சிகிச்சை, உளவியல் ஆதரவு, தடயச் சேகரிப்பு ஆகிய மூன்றையும் இணைத்த நடைமுறையாக அதை விரித்தது. இத்தகைய தொகுப்புகளின் முன்னோடி 1978இல் சிகாகோ மருத்துவமனைகளில் அறிமுகமானது. மார்த்தா காடர்ட் என்ற பெண்ணின் முயற்சியால் பிறந்த அது, லூயிஸ் விட்டுல்லோ என்ற காவல் அலுவலரின் பெயரால் நெடுங்காலம் அழைக்கப்பட்டது. பராமரிப்பவரின் உழைப்பு காவல்துறையின் பெயருக்குள் மறைவது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரை மருத்துவர் பரிசோதிக்க 53ஆம் பிரிவு இருந்தது. வன்புணர்வுக்கு ஆளானவரைப் பரிசோதிப்பது பற்றித் தனிப் பிரிவு இல்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 164ஏ பிரிவுதான் அவருடைய இசைவைச் சட்டப்பூர்வ நிபந்தனையாக்கியது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிடினும் குழந்தையைப் பரிசோதிக்கலாம் என்றது. 2012 டிசம்பர் டெல்லி நிகழ்வுக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டுத் திருத்தம், அரசு, தனியார் மருத்துவமனைகள் யாவும் உடனடியாகவும் கட்டணமின்றியும் சிகிச்சை அளிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டு, மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதே ஆண்டு லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு விரல் பரிசோதனை தனியுரிமையையும் கண்ணியத்தையும் மீறுவதாகக் கூறியது. 2022இல் ஜார்க்கண்ட் மாநிலம் எதிர் சைலேந்திர குமார் ராய் வழக்கில், அதைச் செய்பவர் தவறான நடத்தைக்குப் பொறுப்பாவார் என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே விலக்கை மீண்டும் விதிக்க நேர்ந்தது, பாடநூலின் ஆயுள் தீர்ப்பின் ஆயுளைவிட நீண்டது என்பதைக் காட்டுகிறது.

2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். காவல் புகார் இல்லாமலும் சிகிச்சை பெறலாம். பரிசோதனையின் ஒவ்வொரு படிக்கும் இசைவு வேண்டும், எந்தப் படியையும் மறுக்கலாம். காயமின்மை இசைவின் அடையாளமன்று. தொண்ணூற்றாறு மணி நேரம் வரை தடயம் சேகரிக்க முயல வேண்டும். ஆடைகளைக் களையும்போது தரையில் காகிதம் விரித்து உதிர்வனவற்றையும் சேகரிக்க வேண்டும். மாதிரிகளை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும் என்பன அதன் கூறுகள். நோயாளியின் பராமரிப்பும் தடயத்தின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்னும் எண்ணம் இந்நெறிகளின் ஊடாக ஓடுகிறது. பொறுமையாகக் கேட்கப்படும் நோயாளி, எங்கே தொடப்பட்டார், குளித்தாரா, எந்த ஆடையை அணிந்திருந்தார் என்பதைச் சொல்லுவார். எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பது அச்சொற்களிலிருந்தே தெரியவரும். உடலை நம்பு, சொல்லை நம்பாதே என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் விதி இங்கே தலைகீழாகிறது. சொல்லைக் கேளாமல் உடலிலிருந்து நல்ல தடயத்தை எடுக்கவே இயலாது.

எனினும் இரு முடிச்சுகள் அவிழவில்லை. முதலாவது, சட்டத்திற்குள்ளேயே உள்ள முரண். காவல்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவமனைக்குக் கட்டளையிடுகிறது. புகார் அளிக்க விரும்பாதவரின் முடிவை மதிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நோயாளியின் மறுப்பை ஆவணப்படுத்தித் தெரிவிப்பது என்ற இடைவழி உண்டு. ஆனால், இரவுப் பணியில் தனித்திருக்கும் மருத்துவர் அந்த நுண்மையை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு பெண் மருந்து பெறுவதும் அஞ்சித் திரும்பிச் செல்வதும் அமைகிறது.

இரண்டாவது, செவிலியர் சட்டத்தில் இல்லாமை. சட்டப் பிரிவுகள் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரையே அறியும். நடைமுறையில் நோயாளியின் ஆடையைக் களைபவர், காயத்தைக் கழுவுபவர், உடைமைகளைக் கட்டி வைப்பவர், அவர் முதன்முதலாகச் சொல்லுவதைக் கேட்பவர் செவிலியர். அவருக்கும் முன்னே ஆயாவும் வார்டு பாயும். மாதிரியை வாங்கிச் செல்ல வேண்டிய காவலர் வரும்வரை உறைகள் காத்திருப்பதும் அவர்களுடைய அலமாரியில்தான். யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்னும் தொடர் அறுந்தால் நீதிமன்றத்தில் தடயம் மதிப்பிழக்கும். அத்தொடரின் முதற்கண்ணியாக இருப்பவர்களுக்கோ அதில் பெயரில்லை; பெயரில்லாதவர்களுக்குப் பயிற்சி வகுக்கப்படுவதும் அரிது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பரிசோதனை அறிக்கையை ஏழு நாட்களுக்குள் புலனாய்வு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என 184ஆம் பிரிவில் காலவரை விதிக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் குற்றம் நடந்த இடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது 176ஆம் பிரிவு. குற்றம் நடந்த இடத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை கொள்ளும் சட்டம், காயம்பட்டவரின் உடலும் அவ்விடத்தின் ஒரு பகுதிதான் என்பதையும், அது ஆம்புலன்ஸில் ஏறிக் கேஷுவாலிட்டிக்கு வந்துவிடுகிறது என்பதையும் இன்னும் முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கான கருவிகள் விலையுயர்ந்தவையல்ல: காகிதப் பைகள், உலர்த்த ஓர் அறை, பூட்டுள்ள அலமாரி, நேரம் எழுதிய கைமாற்றப் பதிவேடு, ஸ்பிரிட் கலவாத பஞ்சு, கிழிசலைத் தவிர்த்து வெட்டப் பழகிய கை, மடித்து வைத்த ஒரு மாற்றுடை. பன்வாரி தேவியின் இரவுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்தன. ஒரு மருத்துவமனை அந்நெறிகளை ஏற்றுக்கொண்டதா என்று அறிய அதன் சுற்றறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவின் அலமாரியைத் திறந்து, அந்த மாற்றுடை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.